யாரை அழைக்கிறது இந்த விளையாட்டு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



கைபேசியில் காசில்லாமல் கிடைக்கும் ஒரு விளையாட்டு குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதா, எல்லோருக்குமாகச் செய்யப்பட்டதா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் அமெரிக்காவின் குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்தில் மற்ற எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான விடையைப் பொறுத்துத்தான் நிற்கின்றன. குழந்தைகளுக்கானது என்று முடிவானால், 13 வயது நிரம்பாதவர்களின் தகவலைத் திரட்டும் முன் பெற்றோரின் ஒப்புதலை, அது பெற்றோர் தந்ததுதான் என்று சரிபார்க்கத்தக்க வகையில், நிறுவனம் வாங்கியாக வேண்டும். பொதுவானது என்று முடிவானால், எதிரே இருப்பது குழந்தை என்று நிறுவனத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால் ஒழிய அந்தக் கடமை இல்லை. விளம்பர வருமானத்தில் பிழைக்கும் ஒரு நிறுவனம் எந்த விடையை விரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, இந்தக் கேள்விக்கு யார், எதைப் பார்த்து, எப்படி விடை சொல்வது என்பதே இன்றைய என் பொருள்.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. விளையாட்டையும் அது விற்கப்படும் விதத்தையும் படித்துத்தான் அது குழந்தைகளுக்கானதா என்று முடிவு செய்ய வேண்டும். தயாரித்தவர் தரும் உறுதிமொழியோடு நின்றுவிடக் கூடாது. விளையாடுகிறவரின் வயதைத் துருவுவதும் முதல் வழியாக இருக்கக் கூடாது. ஒரு கடையின் முகப்பைப் பார்த்தே அது யாருக்கான கடை என்று தெருவில் போகிறவர் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பவர்களின் பிறந்த தேதியை விசாரிக்க வேண்டியதில்லை. தனியுரிமையைக் காக்க எழுந்த சட்டம், காக்கும் வேலையைத் தொடங்குவதற்கே எல்லோருடைய தகவலையும் கேட்குமானால் அதன் நோக்கம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. விளையாட்டைப் படிக்கும் முறைக்கு இந்தக் குறை கிடையாது. அதனால்தான் அது மற்ற முறைகளைவிட மேலானது என்கிறேன்.

1. சட்டம் காக்கும் பொருள் மாறிவிட்டது

'கோப்பா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அன்று சட்டம் இயற்றியவர்களின் கண் முன் இருந்தவை இணையதளங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று குழந்தை தானே தட்டச்சு செய்து கொடுக்கும் விவரங்களைப் பற்றித்தான் அவர்கள் கவலைப்பட்டார்கள். கைபேசி விளையாட்டில் குழந்தை எதையும் எழுதித் தருவதில்லை. செயலியைத் திறந்த மாத்திரத்தில், அதற்குள் பொதிந்திருக்கும் விளம்பர நிறுவனங்களின் மென்பொருள் துண்டுகள் கைபேசியின் விளம்பர அடையாள எண்ணை எடுத்து அனுப்பத் தொடங்கிவிடலாம். அதே எண் பல செயலிகளில் திரும்பத் திரும்பத் தென்படுவதால், அந்தக் கைபேசியை வைத்திருப்பவர் எதை விரும்புகிறார், எவ்வளவு நேரம் விளையாடுகிறார் என்ற வரலாறு, பெயரே தெரியாமல் சேர்ந்துவிடுகிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2013-இல் விதிகளைத் திருத்தி, இத்தகைய நிலையான அடையாள எண்களையும், இருப்பிடத் தகவலையும், குழந்தையின் படத்தையும் குரலையும் தனிப்பட்ட தகவல் என்று சேர்த்தது இதனால்தான்.

இந்தத் திருத்தத்தின் விளைவை நாம் முழுமையாக உணர வேண்டும். முன்பு, எதையும் கேட்காத விளையாட்டு சட்டத்துக்கு வெளியே இருந்தது. இப்போது விளம்பரம் காட்டும் ஏறக்குறைய எந்த விளையாட்டும், அது குழந்தைகளுக்கானது என்று முடிவான மறுகணமே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பெர்க்லியைச் சேர்ந்தவர்கள் அடங்கிய ஆய்வுக்குழு, குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று ஆண்ட்ராய்டு கடையில் வகைப்படுத்தப்பட்டிருந்த 5,855 இலவசச் செயலிகளை ஓடவிட்டு, அவை எங்கே எதை அனுப்புகின்றன என்று பதிவு செய்தது. பாதிக்கும் மேற்பட்டவை சட்டத்தை மீறியிருக்கக்கூடும் என்பதும், பெரும்பாலும் அதற்குக் காரணம் உள்ளே வைத்திருந்த பிறருடைய மென்பொருள்தான் என்பதும் தெரியவந்தன. குழந்தைகளுக்கானவை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட செயலிகளின் நிலையே இது. அப்படிச் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டவற்றின் வகையை எப்படி முடிவு செய்வது என்ற கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது.

2. எந்த ஓர் அடையாளமும் தனித்துத் தீர்ப்பளிக்காது

சட்டத்தின் விதி ஒரு பட்டியலைத் தருகிறது. பொருள் என்ன, காட்சிகள் எப்படி, அசையும் சித்திரப் பாத்திரங்கள் உண்டா, குழந்தைகளை ஈர்க்கும் செயல்களும் பரிசுகளும் உண்டா, இசை எப்படி, தோன்றுகிற மாந்தரின் வயது என்ன, குழந்தைகள் விரும்பும் பிரபலங்கள் வருகிறார்களா, மொழி எவ்வளவு எளியது, அங்கே வரும் விளம்பரங்களும் அதைப் பற்றிய விளம்பரங்களும் யாரை நோக்கியவை, உண்மையில் யார் பயன்படுத்துகிறார்கள், யாருக்காக என்று திட்டமிடப்பட்டது என்று அது நீள்கிறது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று விதி சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடச் சொல்கிறது. இதைச் சட்டத்தின் பலவீனம் என்பவர்கள் உண்டு. நான் பலம் என்கிறேன். 'சித்திரப் பூனை இருந்தால் குழந்தை விளையாட்டு' என்று ஒரே வரியில் விதி எழுதியிருந்தால், ஒரு பக்கம் பெரியவர்கள் விளையாடும் எத்தனையோ புதிர் விளையாட்டுகள் அநியாயமாக உள்ளே வரும். மறுபக்கம் பூனையை மட்டும் எடுத்துவிட்டுக் குழந்தைகளை அழைப்பவர் சுலபமாகத் தப்பிவிடுவார்.

2020 ஜூனில் முடிவுக்கு வந்த ஹைப்பர்பியர்ட் நிறுவனத்தின் வழக்கை அருகில் சென்று பார்ப்போம். அந்நிறுவனத்தின் 'கிளெப்டோகேட்ஸ்' விளையாட்டில் ஒரு வெற்று அறை இருக்கும். பூனையை வெளியே அனுப்பினால் அது எங்கிருந்தோ ஒரு பொருளைத் திருடிக்கொண்டு வரும். இப்படியே அறை நிரம்பும். இதை ரசிக்கும் பெரியவர்களும் உண்டு. ஆகவே பளிச்சென்ற வண்ணத்தில் வரும் பூனையையும் முயலையும் குரங்கையும் மட்டும் காட்டி வழக்கை முடித்திருந்தால் வாதம் நொண்டியிருக்கும். ஆணையம் அங்கே நிற்கவில்லை. குழந்தைகளுக்கான பொழுதுபோக்குத் தளம் ஒன்றில் நிறுவனம் தன் விளையாட்டுகளை விளம்பரப்படுத்தியதையும், அவற்றின் பாத்திரங்களை வைத்துக் குழந்தைகள் புத்தகம் வெளியிட்டதையும், அதே பாத்திரங்களைப் பஞ்சு பொம்மைகளாகவும் அடுக்கி விளையாடும் கட்டைகளாகவும் செய்ய உரிமம் கொடுத்ததையும் எடுத்து வைத்தது. இவை ஒவ்வொன்றும் தனியே நின்றால் ஐயத்துக்கு இடம் உண்டு. நான்கும் ஒரே திசையில் விரல் நீட்டும்போது ஐயம் தீர்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். வயதுத் தரச்சான்று என்பது வேறு, இந்தக் கேள்வி வேறு. எல்லோரும் விளையாடலாம் என்ற சான்று, குழந்தைக்கு ஒவ்வாத காட்சி எதுவும் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. சதுரங்கச் செயலி குழந்தைக்குத் தீங்கற்றது. அதனால் அது குழந்தைகளை நோக்கியது ஆகிவிடாது. அதேபோல, பதின்பருவத்தினருக்கு என்று சான்று பெற்ற விளையாட்டு சிறுவர்களை நோக்கி அழைப்பு விடுக்கவும் கூடும்.

3. தயாரிப்பாளரின் சொல் ஒரு சான்று. அதுவே முடிவு ஆகாது

ஆண்ட்ராய்டு கடையில் செயலியை ஏற்றும்போது, எந்த வயதினருக்கானது என்று பெட்டியில் குறியிடச் சொல்கிறார்கள். அந்தக் குறி பயனுள்ளதுதான். ஆனால் குழந்தைகளுக்கானது என்று குறித்தால் வருமானம் குறையும் என்று தெரிந்த ஒருவர் இடும் குறியை முடிவாகக் கொள்ள முடியுமா? லித்துவேனியாவைச் சேர்ந்த டைனி லேப் நிறுவனத்தின் மீது 2018 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத் தலைமை வழக்கறிஞர் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல பாடம். அந்நிறுவனத்தின் விளையாட்டு ஒன்றின் பெயரிலேயே 'கிட்' என்ற சொல் இருந்தது: 'ஃபன் கிட் ரேசிங்'. ஆயினும், தன் விளையாட்டுகள் பல வயதினரும் கலந்து விளையாடுபவை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. பெயரும் படமும் ஒன்றைச் சொல்ல, படிவம் இன்னொன்றைச் சொன்னது. இரண்டில் எதைக் குழந்தை பார்க்கிறது? படிவத்தைக் குழந்தை பார்ப்பதே இல்லை.

ஒரு நிறுவனம் சட்டத்திடம் சொல்வதும் விளம்பரதாரரிடம் சொல்வதும் வேறுபடும் இடத்தில், விளம்பரதாரரிடம் சொன்னதே நம்பத்தக்கது. ஏனெனில் அங்கே அது பணத்துக்காகப் பேசுகிறது. 2019 செப்டம்பரில் 17 கோடி டாலரில் முடிந்த யூடியூப் வழக்கு விளையாட்டைப் பற்றியது அன்று; என்றாலும் இந்த உண்மையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை. பொம்மை நிறுவனங்களிடம் போனபோது, சிறுவர்களைச் சென்றடைவதில் தாங்களே முதலிடம் என்று பேசியவர்கள், சட்டக் கடமையைப் பற்றிய பேச்சில் விளம்பர நிறுவனம் ஒன்றிடம் 13 வயதுக்குட்பட்ட பயனர்களே தங்களிடம் இல்லை என்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025-இல் திருத்தப்பட்ட விதிகள், சந்தைப்படுத்தும் திட்டங்களையும், வாடிக்கையாளரிடமும் பிறரிடமும் நிறுவனம் சொன்னவற்றையும், பயனர் விமர்சனங்களையும், ஒத்த சேவைகளைப் பயன்படுத்துவோரின் வயதையும் சான்றாகப் பார்க்கலாம் என்று வெளிப்படையாகச் சேர்த்திருப்பது இந்த அனுபவத்தின் இயல்பான விளைவு. 'என் குழந்தைக்கு நாலு வயது, விடாமல் விளையாடுகிறான்' என்று ஒரு தாய் எழுதும் விமர்சனத்தை நிறுவனம் படிக்கவில்லை என்று இனிமேல் தள்ளிவிட முடியாது.

4. விளையாடுகிறவர்கள் யார் என்பதும் சான்றுதான்

அழைப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதால், வந்தவர்களைப் பார்க்கக் கூடாது என்று பொருள் இல்லை. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் 27.5 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. இச்சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டதிலேயே அதுதான் பெரிய தொகை. அந்த விளையாட்டு பதின்பருவத்தினருக்கு என்று சான்று பெற்றது. துப்பாக்கிச் சண்டை கொண்டது. ஆனால் பொம்மைகளும் ஹாலோவீன் உடைகளும் அதன் பெயரில் விற்றன. ஆணையத்தின் மனு 2019-ஆம் ஆண்டின் கருத்தாய்வு ஒன்றைச் சுட்டியது. அதன்படி 10 முதல் 12 வயது வரையிலானவர்களில் 53 விழுக்காட்டினர் வாரந்தோறும் விளையாடினர். 13 முதல் 17 வரையில் 33 விழுக்காடு. 18 முதல் 24 வரையில் 19 விழுக்காடு. வயது ஏற ஏற ஈர்ப்பு குறைகிறது. கருத்தாய்வு என்பது தனிக் குழந்தை எவரையும் துருவாமல் கிடைக்கும் சான்று. விளையாட்டைப் படிப்பதில் அதுவும் அடங்கும். இந்த விளையாட்டில் எழுத்து உரையாடலும் குரல் உரையாடலும் தொடக்கத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தன. முன்பின் தெரியாதவர்களோடு சிறுவர்கள் பேச நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வகைப்பாடு வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை என்பது விளங்கும்.

ஒரு செயலி முழுவதும் குழந்தைகளுக்கானதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2021-இல் 'ரீகலர்' என்ற வண்ணம் தீட்டும் செயலியின் மீது வந்த வழக்கில், பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகம் என்று விற்கப்பட்ட செயலிக்குள் குழந்தைகளுக்கென்றே ஒரு படப்பிரிவு இருந்தது எடுத்துக்காட்டப்பட்டது. அந்தப் பகுதியே கடமையை உண்டாக்கப் போதுமானது.

5. கலப்பு வகையும் வயது கேட்கும் திரையும்

முதன்மையாகக் குழந்தைகளுக்கான விளையாட்டு என்றால், விளையாடுவோர் அனைவரையும் குழந்தைகளாகவே நடத்த வேண்டும்; வயதைக் கேட்டுப் பிரித்துக்கொள்ள அனுமதி இல்லை. குழந்தைகளையும் நோக்கியது, ஆனால் அவர்கள் முதன்மையானவர்கள் அல்லர் என்றால்தான் வயதைக் கேட்டு 13 நிரம்பாதவர்களை மட்டும் தனியே நடத்தலாம். இந்தக் கலப்பு வகை நியாயமான ஏற்பாடு. ஆனால் குழந்தைகளுக்கென்றே செய்தவரும் தஞ்சம் புகத் தேடும் இடமும் இதுவே. வயதைக் கேட்கும் திரை சாய்வில்லாமல் கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. 'உனக்கு 13 ஆகிவிட்டதா?' என்று கேட்டால் விடை எது என்பதைக் கேள்வியே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. பிறந்த ஆண்டைக் கேட்டு, சிறு வயது சொன்னவர் உடனே பின்னே போய் மாற்றி எழுத முடியாதபடி வைப்பதே முறை. ஸ்பாஞ்ச்பாப் பாத்திரத்தை வைத்துச் சமையல் விளையாட்டு ஒன்றை வெளியிட்ட டில்டிங் பாயிண்ட் நிறுவனம், 2024 ஜூனில் கலிஃபோர்னியாவில் 5 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. வயதைச் சாய்வில்லாமல் கேட்கவில்லை என்பதோடு, உள்ளே இருந்த பிறருடைய மென்பொருளைச் சரியாக அமைக்கவில்லை என்பதும் குற்றச்சாட்டு. திரை ஒன்றை வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இது சான்று.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், சித்திரக் கலை குழந்தைகளின் தனிச்சொத்து இல்லை என்பது. 2025 ஜனவரியில் ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் வெளியீட்டாளர் 2 கோடி டாலருக்கு உடன்பட்டபோது இந்த வாதம் வலுவாக எழுந்தது. ஜப்பானிய அனிமே பாணியைக் கோடிக்கணக்கான பெரியவர்கள் விரும்புகிறார்கள். குற்றச்சாட்டுகள் பல துல்லியமற்றவை என்று நிறுவனமும் சொன்னது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஓவியப் பாணிக்குத் தனியாக அதிக எடை தரக் கூடாது என்கிறேன். மேலும், நான் எடுத்துக்காட்டியவை பெரும்பாலும் சமரச உத்தரவுகள். நீதிமன்றம் முழுமையாக விசாரித்து வழங்கிய தீர்ப்புகள் அல்ல. எடைபோடும் முறை செம்மைப்பட இன்னும் இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஓர் அடையாளம் தவறக்கூடும் என்பது, பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பதற்கு ஆதரவான வாதமே.

இரண்டாவது, சிறிய தயாரிப்பாளர் நசுங்கிவிடுவார் என்பது. ஹைப்பர்பியர்ட் வழக்கில் ஆணையர்களில் ஒருவரே, நேர்ந்த தீங்கோடு ஒப்பிட அபராதம் மிகை என்று மாறுபட்டார். 40 லட்சம் டாலர் என்று விதிக்கப்பட்டது, நிறுவனத்தின் வசதியைக் கருதி 1.5 லட்சம் டாலரைச் செலுத்தியதும் நிறுத்தி வைக்கப்பட்டது. அபராதத்தின் அளவைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு அபராதத்தைத் திருத்த வேண்டுமே தவிர அளவுகோலைத் தளர்த்தக் கூடாது. குழந்தைகளுக்கு இலவச விளையாட்டே கிடைக்காமல் போகும் என்பதும் சரியன்று. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் கண்காணிப்பின் அடிப்படையில் குறிவைக்கும் விளம்பரத்துக்குத்தான் தடை. விளையாட்டின் பொருளுக்கு ஏற்ற பொதுவான விளம்பரத்தைக் காட்டச் சட்டம் இடம் தருகிறது.

மூன்றாவது, அளவுகோல் தெளிவில்லாதது; தயாரிப்பாளர் முன்கூட்டியே அறிய முடியாது என்பது. யாருக்காக வரைவது, எந்தக் குரலைச் சேர்ப்பது, எங்கே விளம்பரம் செய்வது, எந்தப் பொம்மைக்கு உரிமம் தருவது என்று ஒவ்வொன்றையும் தீர்மானித்தவர் தயாரிப்பாளர்தான். ஆணையம் தேடுகிற சான்றுகள் எல்லாம் அவருடைய கையிலேயே முதலில் இருந்தவை. தன் முடிவுகளைத் தானே கூட்டிப் பார்க்கச் சொல்வது கடுமையான கோரிக்கை ஆகாது.

7. நமக்கு இதிலிருந்து என்ன?

பெங்களூரில் வளர்ந்த இன்மோபி விளம்பர நிறுவனம் 2016-இல் அமெரிக்க ஆணையத்திடம் 9.5 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. குழந்தைகளுக்கான செயலி என்று தயாரிப்பாளர்கள் குறித்துக் கொடுத்திருந்தும், அவற்றைப் பயன்படுத்தியவர்களின் இருப்பிடத்தை அது அறிந்துகொண்டது என்பது ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. விளையாட்டைச் சரியாக வகைப்படுத்தினால் மட்டும் போதாது. அந்த முடிவு விளம்பரச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை செல்ல வேண்டும் என்பது அந்த வழக்கின் பாடம்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விரிவான பாதுகாப்புதான். ஆனால் சேவை யாரை நோக்கியது என்ற கேள்வியை இச்சட்டம் கேட்கவில்லை. எதிரே இருப்பவர் யார் என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. இதனால் நிறுவனங்களுக்கு இரண்டு பாதைகளே எஞ்சுகின்றன. ஒன்று, 'நான் பெரியவன்' என்று பொத்தானை அழுத்தியவரை அப்படியே நம்பிக் கண்ணை மூடிக்கொள்வது. மற்றொன்று, விளையாட வரும் ஒவ்வொருவரிடமும் அடையாளச் சான்று கேட்பது. முதலாவது குழந்தையைக் கைவிடுகிறது. இரண்டாவது எல்லோருடைய தனியுரிமையையும் விலையாகக் கேட்கிறது. பிரிட்டனின் ஒழுங்குமுறை, குழந்தைகள் பயன்படுத்தக்கூடிய சேவையா என்று கேட்டு வலையை அகலமாக வீசுகிறது. அகலம் கூடினாலும், அங்கும் முதற்கேள்வி சேவையைப் பற்றியதாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே என் பரிந்துரை இது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இந்தியச் சட்டத்தின் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் இக்காலத்தில், அச்சட்டத்தின் கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் ஒரு புகாரை விசாரிக்கும்போது விளையாட்டைப் படிக்கும் முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். அ, ஆ என்று விரலால் எழுதிப் பழகச் செய்யும் விளையாட்டு, பிறந்த தேதி கேட்கும் திரையை முன்னே நிறுத்திக்கொண்டு, பெரியவர்களுக்கானது என்று சொல்லித் தப்ப முடியாத நிலை வேண்டும். தெளிவாகக் குழந்தைகளை அழைக்கும் விளையாட்டில் வயதைக் கேட்காமலே எல்லோருக்கும் குழந்தைக்குரிய பாதுகாப்பைத் தரலாம். தெளிவாகப் பெரியவர்களுக்கான சேவையில் யாரையும் துருவத் தேவையில்லை. இடைப்பட்டவற்றில் மட்டும் சாய்வற்ற வயதுத் திரை போதும். இந்த வரிசையில் போனால் வயதைச் சோதிக்க வேண்டிய இடங்கள் பெரிதும் சுருங்கிவிடும்.

சட்டம் படிக்கும் மாணவர்களிடமும், விளையாட்டுகளை உருவாக்கப் போகும் கணினி மாணவர்களிடமும் நான் வேண்டுவது ஒன்றுதான். ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் பெயர், படம், ஒலி, பரிசு, கடைப்பக்கம், விளம்பரம், விமர்சனம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அவை சேர்ந்து யாரை அழைக்கின்றன என்று காரணத்தோடு முடிவு சொல்லிப் பழகுங்கள். ஒரே விளையாட்டுக்கு இரு துறையினரும் தனித்தனியே முடிவு எழுதி, மாறுபடும் இடங்களை விவாதியுங்கள். இத்தகைய விவாதங்களிலிருந்துதான் நம் வாரியத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் பயன்படும் அளவுகோல் உருவாகும். கையெழுத்துப் போடவோ மறுக்கவோ தெரியாத வயதில் உள்ளவர்களின் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பு நம்முடையது. அந்த முடிவு, அவர்களிடம் எதையும் கேட்டு வாங்காமல் எடுக்கப்பட்டதாக இருக்கட்டும்.